உ. வே. சாமிநாத ஐயரும் சிந்தாமணியும்

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் மாணவர்களே! திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டிய செயல்திட்டத்தை ஞாயிறு இரவுவரை தொடாதிருப்போர் உங்களுள் எத்தனை பேர்? இதனைச் சோம்பல் என்று பெரியோர் கடிந்துகொள்வர். வேலை மலைபோல் தோன்றும்போது எழும் அச்சத்திலிருந்து தப்பவே மனம் அதனைத் தள்ளிப்போடுகிறது என்பர் இக்கால உளவியலார். அவ்வாறு அஞ்சுவதற்குப் போதிய காரணங்கள் இருந்தும் அஞ்சாது தொடங்கியவர் உ. வே. சாமிநாத ஐயர்.

1855-இல் பிறந்த, உத்தமதானபுரத்தைச் சேர்ந்த அவர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று, 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டு அக்டோபரில் அந்நகர முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டார். தாம் கற்ற நூல்களை ஐயர் அடுக்கிச் சொன்னார், முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். ஐயர் அதனைக் கற்றிருக்கவில்லை.

அந்நூலில் 3145 செய்யுள்கள் உள்ளன. நச்சினார்க்கினியர் உரையில் வரும் மேற்கோள்கள் எந்நூலுக்கு உரியவை என்பது விளங்கவில்லை. கதை சமணம் சார்ந்தது. ஐயரோ சைவச் சூழலில் கற்றவர். படிக்கு ஒரு பாடமாக ஏடுகள் மாறுபட்டன. இவற்றை ஒருசேர எண்ணினால் எவருக்கும் கை ஓடாது. ஆனால் முதலியார் அந்நூலைத் தமக்குப் பாடம் சொல்லும்படி வேண்டினார். கேட்பதற்கு ஒருவர் காத்திருக்கையில் அன்றைய பகுதியை ஆராயாமல் இருக்க இயலுமா? பிற்காலத்தில் கிடைத்த பொருளுதவிகளைவிட இதுவே பேருதவி என்று எனக்குத் தோன்றுகிறது. விளங்காத சமணக் கொள்கைகளை ஐயர் கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டு அறிந்தார்.

காலம் தாழ்த்தவும் வழியில்லை. ஊர்தோறும் ஏடுகள் செல்லரித்து அழிந்துகொண்டிருந்தன. புகழ்பெற்ற பதிப்பாசிரியர் சி. வை. தாமோதரம் பிள்ளை, சிந்தாமணியைத் தாமே பதிப்பிப்பதாகக் கூறி ஏட்டைக் கேட்டார். பொறுப்பைக் கைமாற்றிவிட்டு ஓய்ந்திருக்கலாம். ஐயர் அதற்கு இசையவில்லை. அச்சிடுமுன்னரே, நூலை வாங்குவதாகப் பலரிடம் கையொப்பம் பெற்றார். பலருக்கு வாக்களித்தபின் பின்வாங்குதல் எளிதோ? கல்லூரிப் பணியை விடாமலே சென்னையில் அச்சுவேலையை நடத்தினார். ஒவ்வொரு படிவமாகத் திருத்தி, 1887-இல் நூலை முடித்தார்.

ஏழு ஆண்டுகள் உழைத்தபின் அடுத்தவை விரைந்து வந்தன: 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை.

1940-இல், 85 வயதை எட்டும் காலத்தில், தம் வாழ்க்கை வரலாற்றை ஆனந்த விகடனில் வாரந்தோறும் ஒரு பகுதியாக எழுதத் தொடங்கினார். 1942 ஏப்ரல் 28 அன்று அவர் மறைந்தபோது அது 19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை வந்திருந்தது.