குமரித் தந்தை மார்ஷல் நேசமணி

குழித்துறைத் தாமிரபரணி கடலோடு கலக்கும் இடம் தேங்காய்ப்பட்டணம். அதற்கு அண்மையில் உள்ள சிற்றூர் புதுக்கடை. இன்று அங்கே தமிழில் பெயர்ப்பலகைகள் உள்ளன. பள்ளிகளில் தமிழ் ஒலிக்கிறது. இயல்பாகத் தோன்றும் இந்நிலை எளிதில் வாய்த்ததன்று. அதற்காக இம்மண்ணில் குருதி சிந்தப்பட்டது. அப்போராட்டத்தைத் தலைமை ஏற்று நடத்தியவர் நேசமணி.

பிறப்பும் கல்வியும்

அன்றைய திருவிதாங்கூர் அரசில் விளவங்கோடு வட்டத்தைச் சேர்ந்த பள்ளியாடியில் 1895ஆம் ஆண்டு சூன் 12ஆம் நாள் நேசமணி பிறந்தார். நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியிலும் திருவனந்தபுரத்திலும் பயின்றார். சட்டப்படிப்பை முடித்து, 1921இல் நாகர்கோவிலில் வழக்குரைஞர் தொழிலைத் தொடங்கினார்.

நீதிமன்றத்தில் ஒரு நீதிப் போர்

நீதி வழங்கும் மன்றத்திலேயே அந்நாளில் அநீதி குடிகொண்டிருந்தது. உயர்சாதியினராகக் கருதப்பட்ட வழக்குரைஞர்களுக்கு நாற்காலி; ஒடுக்கப்பட்ட சமூகத்தாருக்கு முக்காலி. குடிநீர்ப் பானைகளும் தனித்தனியே வைக்கப்பட்டிருந்தன. தமக்கு இடப்பட்ட முக்காலியை நேசமணி உதைத்துத் தள்ளினார். அனைவருக்கும் நாற்காலி வேண்டும் என்று வாதாடிப் பெற்றார். பானைகளில் இருந்த வேற்றுமையும் அவரால் ஒழிந்தது. தமக்கு மட்டும் நாற்காலி கேட்டிருந்தால் அது தன்மானம். எல்லார்க்கும் கேட்டதால் அது சமத்துவம் ஆயிற்று. பின்னர் வழக்குரைஞர் சங்கத் தலைவர், நகர்மன்றத் தலைவர் எனப் பல பொறுப்புகளை மக்கள் அவரிடம் ஒப்படைத்தனர்.

தாயகத்தோடு இணைய

திருவிதாங்கூரின் தென்பகுதியில் தமிழர் பெருந்தொகையினராக வாழ்ந்தனர். ஆயினும் ஆட்சிமொழியாக மலையாளமே விளங்கியது. உழவர் ஒருவர் தம் நிலத்தைப் பற்றிய ஆவணத்தைப் படித்தறியவும் பிறரை நாட வேண்டியிருந்தது. இக்குறை நீங்க, தமிழ்ப் பகுதிகள் சென்னை மாநிலத்தோடு இணைய வேண்டும் என்னும் கோரிக்கை வலுத்தது. அதற்கென உருவான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசில் 1947இல் இணைந்த நேசமணி, அதனை மக்கள் இயக்கமாக வளர்த்தார். 1948ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி 14 இடங்களை வென்றது. 1951–52 பொதுத்தேர்தலில் அவர் நாகர்கோவில் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றார்.

1954இல் போராட்டம் உச்சத்தை அடைந்தது. தேவிகுளம், பீர்மேடு பகுதிகளின் தோட்டத் தொழிலாளர்க்காகக் குரல் கொடுக்கச் சென்ற நேசமணி மூணாற்றில் கைது செய்யப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் விடுதலை நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டது. அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டம் தொடுவெட்டியிலும் காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. எளிய மக்கள் பலர் உயிர்நீத்தனர்.

வெற்றியும் இழப்பும்

மொழிவாரி மாநிலச் சீரமைப்பின்படி, 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் நெய்யாற்றின்கரையும் கேரளத்திலேயே நின்றன. கேட்டது முழுவதும் கிட்டவில்லை. ஆயினும் கோரிக்கை நிறைவேறியபின் தனிக்கட்சிக்குத் தேவையில்லை எனக் கருதிய அவர், இயக்கத்தை இந்திய தேசியக் காங்கிரசோடு இணைத்தார். 1962, 1967 தேர்தல்களில் மீண்டும் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பதவியில் இருந்தபோதே 1968 சூன் 1ஆம் நாள் மறைந்தார்.

நிலைத்த புகழ்

மக்கள் அவரை மார்ஷல் என்றும் குமரித் தந்தை என்றும் போற்றினர். நாகர்கோவிலில் உள்ள மணிமண்டபமும் மார்த்தாண்டத்தில் உள்ள கல்லூரியும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. எனினும், கல்லால் ஆன நினைவிடங்களினும் பெரிது ஒன்றுண்டு. குமரி மாவட்டத்துச் சிறுவர் தாய்மொழியில் பயிலும்போதும், எளியவர் அரசு அலுவலகத்தில் தமிழில் மனு எழுதும்போதும் அவர் உழைப்பு பயன் தருகிறது. முக்காலியை மறுத்த அந்த முதல் துணிவே ஒரு மாவட்டத்தின் வரலாறாக விரிந்தது.