மாதிரியால் அளந்தவர்: பேராசிரியர் பி. சி. மகலனோபிஸ் (1893 – 1972)

மாணவர்களே, கணித பாடத்தில் இடை, இடையம், ஆகாரம், வீச்சு என்பவற்றைக் கற்கின்றோம். வணிகமும் கணக்கீட்டுக் கல்வியும் பாடத்தில் முதலீடு, செலவு, இலாபம் என்பவற்றைக் கற்கின்றோம். இவை வெவ்வேறு பாடங்கள் போலத் தோன்றினாலும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. போட்ட பணத்துக்கு என்ன கிடைத்தது என்பது முதலாவது கேள்வி. கிடைத்ததாகச் சொல்லப்படும் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது இரண்டாவது கேள்வி. இந்த இரண்டாவது கேள்விக்கு விடை காண்பதிலேயே தமது வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்டவர் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் ஆவார். இந்தியப் புள்ளிவிபரவியலின் தந்தை என அவர் போற்றப்படுகின்றார்.

இளமையும் கல்வியும்

மகலனோபிஸ் 1893 ஆம் ஆண்டு யூன் மாதம் 29 ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்தார். கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் பௌதிகவியல் பயின்று 1912 இல் பட்டம் பெற்றார். அங்கு ஜகதீச சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ரே போன்ற பெரும் விஞ்ஞானிகள் அவருக்கு ஆசிரியர்களாக இருந்தனர்.

1913 இல் இங்கிலாந்து சென்றார். இலண்டனிலேயே படிப்பைத் தொடர்வது அவரது எண்ணமாக இருந்தது. ஒருநாள் கேம்பிரிட்ஜ் நகரைப் பார்க்கச் சென்றவர் திரும்பும் புகையிரதத்தைத் தவறவிட்டார். இரவு அங்கேயே தங்க நேர்ந்தது. அந்நகரின் அழகும் கல்விச் சூழலும் அவரைக் கவர்ந்தன. கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்துவிட்டார்.

அக்காலத்தில் கேம்பிரிட்ஜில் இருந்த மற்றொருவரை நீங்கள் நன்கு அறிவீர்கள். அவர்தான் கணித மேதை இராமானுஜன். இருவரும் நண்பர்களாயினர். குளிர் தாங்க முடியாமல் இராமானுஜன் இரவில் மேலங்கியுடன் படுக்கையின் மேலேயே படுத்திருந்தார். கம்பளிகளை விலக்கி அவற்றின் உள்ளே படுக்க வேண்டும் என்பதை அவருக்குக் காட்டிக் கொடுத்தவர் மகலனோபிஸே ஆவார்.

கப்பலில் கிடைத்த புதிய பாதை

1915 இல் படிப்பு முடிந்து நாடு திரும்ப ஆயத்தமானபோது முதலாம் உலகப் போர் காரணமாகக் கப்பல் பயணம் தாமதமாயிற்று. கல்லூரி நூலகத்தில் பொழுதைக் கழித்த அவருக்கு ஆசிரியர் ஒருவர் பயோமெற்றிக்கா என்னும் புள்ளிவிபரவியல் சஞ்சிகையைக் காட்டினார். அதன் தொகுதிகள் அனைத்தையும் விலைக்கு வாங்கிய மகலனோபிஸ் கப்பலிலேயே அவற்றைப் படிக்கத் தொடங்கினார். பௌதிகவியலாளர் புள்ளிவிபரவியலாளராக மாறியது இவ்வாறுதான்.

கல்கத்தா திரும்பியவர் பிரசிடென்சிக் கல்லூரியில் பௌதிகவியல் ஆசிரியரானார். தமது அறையின் ஒரு பகுதியைப் புள்ளிவிபர ஆய்வுகூடமாக மாற்றிக்கொண்டார். 1931 டிசெம்பர் 17 இல் இந்தியப் புள்ளிவிபர நிறுவனத்தை உருவாக்க முடிவு செய்யப்பட்டது. முதலாவது ஆண்டில் அந்நிறுவனத்தின் மொத்தச் செலவு 238 ரூபா மட்டுமே. 1933 இல் சாங்கியா என்னும் ஆய்வுச் சஞ்சிகை ஆரம்பமாயிற்று. இரண்டு மனிதக் குழுக்கள் பல அளவீடுகளில் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை ஒரே எண்ணால் காட்டும் முறையை 1936 இல் வெளியிட்டார். இது இன்றும் உலகெங்கும் மகலனோபிஸ் தூரம் என்றே அழைக்கப்படுகின்றது.

வெள்ளமும் அணைக்கட்டும்

1926 இல் ஒரிசாவில் பெருவெள்ளம் ஏற்பட்டது. ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது, ஆகவே கரைகளைப் பல அடி உயர்த்த வேண்டும் எனப் பொறியியலாளர்கள் கருதினர். அது பெருந்தொகைப் பணத்தை விழுங்கும் வேலை. மகலனோபிஸ் சுமார் அறுபது ஆண்டு கால மழை, நீர்மட்டத் தரவுகளை எடுத்து ஆராய்ந்தார். படுகை உயரவில்லை என்பது தெரிய வந்தது. மேல்நிலப் பகுதியில் நீரைத் தடுத்து அணை கட்டுவதே தகுந்த வழி என அவர் காட்டினார். பிற்காலத்தில் மகாநதியில் ஹிராகுட் அணைக்கட்டு அமைவதற்கு இச்சிந்தனை வழிகோலியது.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது என்ன? ஒரு வருட வெள்ளத்தை மட்டும் பார்த்து எடுக்கும் முடிவு பிழைக்கலாம். நீண்ட காலத் தரவுகளே உண்மையைக் காட்டும். முதலீட்டுக்கும் இதே விதி பொருந்தும்.

சணல் வயல்களில் மாதிரி ஆய்வு

வங்காளத்தின் முக்கிய ஏற்றுமதிப் பயிர் சணல் ஆகும். எத்தனை ஏக்கரில் சணல் பயிரிடப்பட்டுள்ளது என்பது முன்கூட்டியே தெரிந்தால்தான் விலையையும் வியாபாரத்தையும் திட்டமிட முடியும். ஆனால் மாகாணத்தின் எல்லா வயல்களையும் ஒவ்வொன்றாகப் பதிவு செய்யப் பெரும் ஆட்பலமும் பணமும் வேண்டும். 1937 இல் மகலனோபிஸ் மாதிரி ஆய்வைத் தொடங்கினார். எழுமாறாகத் தெரிவு செய்த சிறு நிலத் துண்டுகளை மட்டும் பார்த்து முழு மாகாணத்தின் பரப்பளவையும் மதிப்பிட்டார்.

எழுமாறாகத் தெரிவு செய்தல் ஏன் அவசியம்? எமது வன்னிப் பிரதேசத்தையே எடுத்துக்கொள்வோம். இரணைமடுக் குளத்தின் கீழ் வாய்க்கால் தலைப்பிலுள்ள வயலும் கடைக்கோடியிலுள்ள வயலும் ஒரே விளைச்சலைத் தருவதில்லை. தெருவோர வயல்களை மட்டும் பார்த்துவிட்டு முழுக் குளத்தின் கீழும் இதுதான் விளைச்சல் எனக் கூறினால் அது பொய்க் கணக்காகும். ஒவ்வொரு வயலுக்கும் தெரிவு செய்யப்படும் வாய்ப்பு இருக்க வேண்டும். எமது நாட்டில் காலபோகம், சிறுபோகம் ஆகியவற்றின் சராசரி நெல் விளைச்சலை மதிப்பிடும் பயிர் வெட்டு ஆய்வும் இத்தகைய மாதிரி முறையிலேயே அமைந்துள்ளது.

மகலனோபிஸ் செய்த மூன்று காரியங்கள் முக்கியமானவை.

1. செலவையும் வழுவையும் ஒன்றாகக் கணித்தார். மாதிரியைப் பெரிதாக்கினால் வழு குறையும், செலவு கூடும். குறித்த செலவில் வழுவை மிகக் குறைவாக்குவது எப்படி என்பதை 1944 இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். அதாவது தகவல் சேகரிப்பையும் ஒரு முதலீடாகவே அவர் நோக்கினார்.

2. ஒரே பிரதேசத்துக்கு இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து இரண்டு குழுக்களிடம் கொடுத்தார். இரு விடைகளும் நெருங்கி வந்தால் நம்பலாம். விலகி நின்றால் எங்கோ தவறு உண்டு. காசேட்டையும் வங்கிக் கூற்றையும் ஒப்பிட்டு வங்கிக் கணக்கிணக்கக் கூற்றுத் தயாரிக்கின்றோம் அல்லவா? அதற்கு ஒப்பானது இது.

3. மிகச் சிறிய வட்டங்களில் பயிரை வெட்டி அளந்தால் விளைச்சல் உண்மையிலும் கூடுதலாகக் காட்டப்படுவதை அவதானித்தார். எல்லையில் நிற்கும் பயிரை உள்ளே சேர்க்கும் போக்கு வெட்டுபவருக்கு உண்டு. ஆரை 2 அடியாகவுள்ள வட்டத்தைவிட ஆரை 4 அடியாகவுள்ள வட்டத்தில் பரப்பளவு நான்கு மடங்கு, பரிதியோ இரண்டு மடங்கு மட்டுமே. ஆகவே வட்டம் பெரிதாகும்போது எல்லை வழுவின் தாக்கம் குறைகின்றது.

பஞ்சத்தின் பின்

1943 இல் வங்காளத்தில் கொடிய பஞ்சம் ஏற்பட்டு இலட்சக்கணக்கானோர் மாண்டனர். பஞ்சத்தின் பின்விளைவுகளை அறிய மகலனோபிஸும் அவரது குழுவினரும் ஆயிரக்கணக்கான கிராமியக் குடும்பங்களிடம் மாதிரி ஆய்வு நடத்தினர். அதன் முடிவுகள் 1946 இல் வெளியாயின. மீனவர்களும் விவசாயக் கூலிகளும் போக்குவரத்துத் தொழிலாளரும் மற்றவர்களைவிட அதிகமாக வறுமைக்குள் வீழ்ந்தமை அதில் தெரிந்தது. மாகாணத்தின் சராசரியை மட்டும் பார்த்திருந்தால் இது மறைந்தே போயிருக்கும். நிவாரணப் பட்டியலில் ஒரு குடும்பத்தின் பெயர் இடம்பெறுவதும் விடுபடுவதும் எவ்வளவு பெரிய விடயம் என்பதை இடப்பெயர்வைக் கண்ட எமது பிரதேசத்தவருக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

நாட்டின் முதலீட்டைத் திட்டமிடல்

1945 இல் இலண்டன் றோயல் சங்கத்தின் உறுப்பினராக மகலனோபிஸ் தெரிவு செய்யப்பட்டார். ஐக்கிய நாடுகள் சபையின் மாதிரியெடுத்தல் உபகுழுவுக்கும் தலைமை தாங்கினார். அவரது முயற்சியால் 1950 இல் இந்தியாவில் தேசிய மாதிரி ஆய்வு ஆரம்பமாயிற்று.

இந்தியாவின் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கு (1956 – 1961) அவர் தயாரித்த மாதிரியுரு அடிப்படையாக அமைந்தது. 5,600 கோடி ரூபா முதலீட்டில் மூன்றிலொரு பங்கை இயந்திரம், உருக்கு போன்ற மூலதனப் பொருள்களுக்கு ஒதுக்க வேண்டும் என அதில் கணிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு துறையிலும் ஒரு ரூபா முதலீடு எவ்வளவு உற்பத்தியைத் தரும், எத்தனை பேருக்கு வேலை தரும் என்பதே கணிப்பின் அடிப்படை. அன்றாடம் மக்களுக்குத் தேவையான உணவு, உடை உற்பத்திக்கு இதில் போதிய இடமில்லை எனப் பொருளியலாளர் சிலர் கண்டித்தனர். 1957 இல் இந்தியா அந்நியச் செலாவணி நெருக்கடியையும் சந்தித்தது. கணிப்பு எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் அதற்கு அடிப்படையான எடுகோள்களைச் சோதிக்க வேண்டும் என்பதே இதிலிருந்து பெறும் படிப்பினை.

1968 இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கியது. தமது 79 ஆவது பிறந்த தினத்துக்கு முதல்நாள், 1972 யூன் 28 இல், அவர் காலமானார். 2007 முதல் அவரது பிறந்த தினம் இந்தியாவில் புள்ளிவிபர தினமாகக் கொண்டாடப்படுகின்றது.

செய்து பார்ப்போம்

மகலனோபிஸ் காட்டிய வழியில் ஒரு சிறு கணக்கைச் செய்வோம். முதலில் சூத்திரம்:

வருவாய் வீதம் = (பெற்ற தொகை – இட்ட தொகை) ÷ இட்ட தொகை × 100

அ, ஆ என்னும் இரண்டு முதலீடுகளின் ஐந்தாண்டு வருவாய் வீதங்கள் (உதாரணத்துக்காக மட்டும்) வருமாறு:

அ: 10%, 12%, 11%, 9%, 8%
ஆ: 30%, –10%, 25%, –15%, 20%

இரண்டினதும் கூட்டுத்தொகை 50. ஆகவே இரண்டினதும் இடை 10%. இடையை மட்டும் பார்ப்பவர் இரண்டும் ஒன்றே எனக் கூறுவார். இனி வீச்சைப் பாருங்கள். அ இன் வீச்சு 12 – 8 = 4. ஆ இன் வீச்சு 30 – (–15) = 45. இடையிலிருந்து உள்ள விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டி, 5 ஆல் வகுத்து, வர்க்கமூலம் கண்டால் நியம விலகல் கிடைக்கும். அ இற்கு அது சுமார் 1.4, ஆ இற்கு சுமார் 18.7.

இப்போது ஒவ்வொன்றிலும் ரூபா 100,000 இட்டு, கிடைத்ததை எடுக்காமல் ஐந்தாண்டும் விட்டுவைத்ததாகக் கொள்வோம்.

அ: 100,000 × 1.10 × 1.12 × 1.11 × 1.09 × 1.08 = ரூபா 160,984 (அண்ணளவாக)
ஆ: 100,000 × 1.30 × 0.90 × 1.25 × 0.85 × 1.20 = ரூபா 149,175

இடை சமமாக இருந்தும் ஆ இல் ரூபா 11,809 குறைவாகவே கிடைத்தது. காரணம் என்ன? 100 ரூபா 20% குறைந்தால் 80 ரூபா. அது மீண்டும் 100 ஆவதற்கு 20% போதாது, 25% வேண்டும். ஆகவே ஏற்ற இறக்கம் கூடும்போது இடை ஒன்றாக இருந்தாலும் கையில் மிஞ்சுவது குறையும். கூடிய வருவாய் தருவதாக யாராவது ஒரு வருடக் கணக்கை மட்டும் காட்டினால் மற்ற வருடங்களையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

நினைவிற் கொள்க

• இடை நடுவைக் காட்டும். வீச்சும் நியம விலகலும் பரம்பலைக் காட்டும். ஒன்றில்லாமல் மற்றது நிறைவாகாது.
• எழுமாறாக எடுத்த சிறு மாதிரி, கவனமின்றி எடுத்த முழுக் கணக்கெடுப்பிலும் மேலானதாக அமையலாம்.
• மதிப்பீட்டுடன் அதன் வழுவையும் கூறுதல் வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. சணல் ஆய்வில் எல்லா வயல்களையும் அளக்காமல் மாதிரி முறை பயன்படுத்தப்பட்டமைக்கு இரண்டு காரணங்கள் தருக.
2. ஒரே பிரதேசத்துக்கு இரண்டு மாதிரிகள் எடுப்பதன் பயன் யாது?
3. ஒரு விவசாயி காலபோகத்தில் ரூபா 80,000 செலவிட்டு ரூபா 100,000 பெற்றார். வருவாய் வீதத்தைக் காண்க. (விடை: 25%)
4. 6%, 7%, 5%, 6% என்னும் வருவாய் வீதங்களின் இடையையும் வீச்சையும் காண்க. (விடை: 6%, 2%)