ரயில் கைகாட்டியில் பிறந்த கணினிப் பூட்டு: யார் இந்த டைக்ஸ்ட்ரா?

முத்துநகர் எக்ஸ்பிரஸில் மிச்சம் ஒரே ஒரு பெர்த். விளாத்திகுளத்தில் ஒருவர், சென்னையில் ஒருவர், ஒரே நேரத்தில் புக் பண்ணினால்? எத்தனை பேர் வேணும்னாலும் பார்க்கலாம், பதிவு ஒருத்தருக்குத்தான். உங்கள் போனின் கெர்னலுக்குள்ளும் இதே பஞ்சாயத்து ஓயாமல் நடக்குது.

அதைத் தீர்க்க வழி காட்டியவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1930-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் பிறந்தவர். படித்தது இயற்பியல், 1952-ல் சேர்ந்தது புரோகிராமர் வேலை. 1957-ல் திருமணப் பதிவின்போது அப்படி ஒரு தொழிலே இல்லை என்று மறுத்துவிட்டார்கள். இயற்பியலாளர் என்றே எழுதிக்கொடுத்தார்.

1960-களில் அவர் உருவாக்கியது செமஃபோர். ரயில் கைகாட்டியின் பெயர்தான் அது. உண்மையில் அது ஓர் எண்: உள்ளே போகும் நிரல் ஒன்றைக் குறைக்கும், வெளியே வரும்போது கூட்டும். பூஜ்யமா? காத்திருக்கணும்.

1971-ல் கூர்ட்வா, ஹேமன்ஸ், பார்னாஸ் மூவரும் இதை வைத்தே வாசிப்பு-எழுத்துப் பூட்டை அமைத்தார்கள். வாசிக்கப் பலர் வரலாம். மாற்றி எழுத ஒருவர் மட்டும். ஆனால் வாசிப்பவர்கள் வந்துகொண்டே இருந்தால், எழுதுபவருக்கு முறையே வராது. அதனால் எழுதுபவர் காத்திருக்கும்போது புதிய வாசகர்களை வாசலிலேயே நிறுத்தும் இன்னொரு முறையையும் தந்தார்கள்.

1972-ல் டைக்ஸ்ட்ராவுக்கு டூரிங் விருது. 2002 ஆகஸ்ட் 6-ல் மறைந்தார். ஆண்ட்ராய்டுக்கு அடியில் ஓடும் லினக்ஸ் கெர்னலில், ஒரு வாசிப்பு-எழுத்துப் பூட்டின் பெயரில் செமஃபோர் இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு.