தீனபந்து ஆண்ட்ரூஸ்

தென் தில்லியில் ஆண்ட்ரூஸ் கஞ்ச் என்னும் குடியிருப்பு உள்ளது. அவ்வழியே நாள்தோறும் செல்வோர் பலர். அப்பெயருக்கு உரியவர் யாரென அறிந்தவர் சிலரே. அவர் ஓர் ஆங்கிலேயர். நம் நாட்டை ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில், பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்று துயருற்ற இந்தியத் தொழிலாளர்களைத் தேடித் தாமும் கடல் கடந்தவர். அவர்தாம் சார்லஸ் ஃபிரீயர் ஆண்ட்ரூஸ்.

ஆண்ட்ரூஸ் 1871ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்று சமயகுருவானார். 1904ஆம் ஆண்டு தில்லி வந்து, புனித ஸ்டீபன் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார்.

அக்காலத்தில் தென்னாப்பிரிக்கா, ஃபிஜி, மேற்கிந்தியத் தீவுகள் முதலிய இடங்களின் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஆட்கள் கப்பலில் கொண்டுசெல்லப்பட்டனர். சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழரும் தெலுங்கரும் ஆயிரக்கணக்கில் சென்றனர். ஐந்து ஆண்டுகள் உழைப்பதாக அவர்கள் ஒரு தாளில் கைந்நாட்டு வைக்கவேண்டும். 'அக்ரிமெண்ட்' என்ற ஆங்கிலச் சொல் அவர்கள் நாவில் 'கிர்மிட்' ஆயிற்று. தாளில் எழுதியிருந்ததைப் படிக்க அவர்களுள் பெரும்பாலோர்க்குத் தெரியாது. வேலைக்கு வாராதவரைச் சிறையில் அடைக்கலாம் என்பது அங்குப் போய்ச் சேர்ந்த பின்னரே பலருக்கு விளங்கிற்று.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் ஒப்பந்தம் முடிந்த பின்னும் அங்கேயே தங்கியவர்கள்மீது ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி விதிக்கப்பட்டிருந்தது. அதனை எதிர்த்து 1913ஆம் ஆண்டு காந்தியடிகள் நடத்திய அறப்போரில் தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்திரளாகப் பங்கேற்றனர். போராட்டத்துக்கு நிதி திரட்டிய கோகலேயிடம் ஆண்ட்ரூஸ் தம் சேமிப்பு முழுவதையும் அளித்தார். பின்னர்க் கோகலேயின் வேண்டுகோளை ஏற்று, நண்பர் பியர்சனுடன் தாமே கப்பலேறினார்.

1914 ஜனவரித் தொடக்கத்தில் டர்பன் துறைமுகத்தில் இறங்கியதும், காந்தியடிகளைக் கண்டு குனிந்து அவர் பாதங்களைத் தொட்டார். ஒரு வெள்ளையர் இந்தியர் ஒருவரின் காலைத் தொடுவதா என அங்கிருந்த வெள்ளையர் சினந்தனர். ஆண்ட்ரூஸ் அதனைப் பொருட்படுத்தவில்லை. அவர் மனத்தை வருத்தியது வேறொரு காட்சி. தோட்டத்திலிருந்து தப்பி ஓடிவந்த தொழிலாளி ஒருவர் முதுகில் சவுக்கடித் தழும்புகளோடு நின்றார். ஆறுதல் கூற ஆண்ட்ரூஸ் நெருங்கியபோது, வெள்ளை முகத்தைக் கண்ட அவர் அஞ்சிப் பின்வாங்கினார். அந்த அச்சம் ஆண்ட்ரூஸின் நினைவை விட்டு அகலவேயில்லை.

அரசுடன் நடந்த பேச்சுவார்த்தையில் அவர் காந்தியடிகளுக்குத் துணைநின்றார். அந்நாள்களில்தான் இங்கிலாந்தில் அவருடைய தாயார் இறந்த செய்தி வந்தது. அவ்வாண்டிலேயே மூன்று பவுன் வரி நீக்கப்பட்டது.

1915ஆம் ஆண்டு காலரா நோய் கண்டு, ஆண்ட்ரூஸ் உயிர் பிழைத்ததே அரிதாயிற்று. உடல் தேறியதும் அவர் தேர்ந்தெடுத்த பயணம் ஓய்வுக்கானதன்று. அவ்வாண்டின் இறுதியில் பியர்சனுடன் பசிபிக் பெருங்கடலிலுள்ள ஃபிஜித் தீவுகளுக்குச் சென்றார். 1879 முதல் அத்தீவுகளுக்கு அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கொண்டுசெல்லப்பட்டிருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். அங்குள்ள கரும்புத் தோட்டங்களில் வாடிய பெண்களின் துயரைப் பாரதியார் பாடலாகப் பாடியிருக்கிறார்.

எந்த அரசும் அவர்களை அனுப்பவில்லை; தன்னார்வத்தால் சென்றவர்கள் அவர்கள். தொழிலாளர் குடியிருப்புகளுக்குள் நுழைந்து பார்த்தனர். 'லைன்' எனப்பட்ட நீண்ட கொட்டகைகளைச் சிறுசிறு அறைகளாகத் தடுத்திருந்தனர். தடுப்புச் சுவர் கூரைவரை எட்டாது. எனவே ஓர் அறையில் பேசுவது மறு அறையில் கேட்கும். மணமாகாத ஆண்கள் மூவருக்கு ஓர் அறை. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கில் ஆள் சேர்த்ததால் குடும்ப வாழ்வே சிதைந்திருந்தது. குறித்த வேலையை முழுதும் முடித்தால் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் கூலி, பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்டோர் தொகை தாயகத்தில் உள்ளதைவிடப் பன்மடங்காக இருந்தது. ஆண்ட்ரூஸ் இவற்றைக் கண்ணீரோடு கண்டார். எனினும் அரசுப் பதிவேடுகளைப் புரட்டிக் கணக்கெடுத்தார். தோட்ட அதிகாரிகளிடமும் பேசினார். இரக்கத்தை மறுப்பவரும் எண்ணிக்கையை மறுக்க இயலாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

1916ஆம் ஆண்டு அவ்விருவரின் அறிக்கை வெளிவந்தது. மார்ச் மாதத்தில் சட்டமன்றத்தில் மதன்மோகன் மாளவியா கொணர்ந்த தீர்மானத்தை வைசிராய் ஹார்டிஞ்சு பிரபு ஏற்றார். அத்தோடு முடிந்ததென்று எல்லாரும் எண்ணினர். ஆனால் மாற்று ஏற்பாடு அமையும்வரை ஆள் சேர்ப்பு தொடரும் என்பது பின்னர்த் தெரியவந்தது. ஆண்ட்ரூஸ் மீண்டும் ஊர் ஊராகச் சென்று பேசினார். இந்தியப் பெண்களின் தூதுக்குழு ஒன்று புதிய வைசிராயைச் சந்தித்து முறையிட்டது. 1917ஆம் ஆண்டு ஆள் சேர்ப்பு நிறுத்தப்பட்டது. அவ்வாண்டே ஆண்ட்ரூஸ் மறுபடியும் ஃபிஜிக்குச் சென்று, எஞ்சிய ஒப்பந்தங்களையும் நீக்கவேண்டுமென வலியுறுத்தினார். 1920 ஜனவரி முதல் நாளன்று ஃபிஜியில் இருந்த கடைசி ஒப்பந்தத் தொழிலாளரும் விடுதலை பெற்றனர். எளியோரின் உறவினர் எனப் பொருள்படும் 'தீனபந்து' என்னும் பெயரால் மக்கள் அவரை அழைக்கலாயினர்.

கடல் கடந்தோர்மீது கொண்ட பரிவு உள்நாட்டில் இடம்பெயர்ந்தோரிடமும் அவரை அழைத்துச் சென்றது. 1921ஆம் ஆண்டு சுர்மாப் பள்ளத்தாக்கின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கூலி போதாமல் வெளியேறிய தொழிலாளர்கள், குடும்பம் குடும்பமாகக் கிழக்கு வங்கத்தின் சாந்த்பூர் ஆற்றுத்துறையில் தவித்தனர். ஊர் திரும்பக் கையில் பணமில்லை. இரவில் அவர்களை இரயில் நிலையத்திலிருந்து சிப்பாய்கள் விரட்டினர். பின்னர்க் காலராவும் பரவிற்று. அந்நோயின் கொடுமையைத் தம் உடலால் அறிந்திருந்த ஆண்ட்ரூஸ் அங்கே விரைந்து, தொண்டர்களோடு தங்கிப் பணிபுரிந்தார்.

கிழக்கு ஆப்பிரிக்கா, பிரிட்டிஷ் கயானா எனப் பயணங்கள் தொடர்ந்தன. அவருக்கெனச் சொந்த வீடில்லை. தாகூரின் சாந்திநிகேதனம் அவர் திரும்பிவரும் இடமாக இருந்தது. 1936ஆம் ஆண்டு, தம் அறுபத்தைந்தாம் வயதில், மூன்றாம் முறையாக ஃபிஜிக்குச் சென்றார். ஒப்பந்தத்தில் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அப்போது அங்குச் சொந்தமாகப் பயிரிட்டு வாழ்ந்துகொண்டிருந்தனர்.

1940ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் ஆண்ட்ரூஸ் கல்கத்தாவில் காலமானார். அந்நகரின் மண்ணிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.