கணக்குக் கேட்கும் அன்பு: ரைஃபைசன்

கிராமத்தில் ஒரு சங்கம் தொடங்குவது எளிது. தலைவர், செயலர், பொருளாளர் மூவரும் ஒரே திண்ணையில் தேர்வாகிவிடுவர். சில ஆண்டுகள் கழித்துக் கணக்கு நோட்டைக் கேட்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. நம் பங்குகளில் இயங்கும் சங்கங்களும் சுயஉதவிக் குழுக்களும் இதை நன்கு அறியும். எனவே, பிரெடெரிக் வில்ஹெல்ம் ரைஃபைசனின் வாழ்வைச் சற்றே சிந்திப்போம்.

1818-இல் ஜெர்மனியின் ஹாம் என்னும் சிற்றூரில் பிறந்தவர் இவர். கண்நோயால் இராணுவப் பணியை விட்டு, 1845-இல் வெயர்புஷ் பகுதியின் மேயரானார். 1846-47 குளிர்காலத்தில் பஞ்சம் வந்தது. ரொக்கம் தருவோருக்கே மாவு என்பது அரசு ஆணை. இவரோ ஏழைகளுக்குக் கடனாகக் கொடுத்தார். வசதி படைத்தோரைச் சேர்த்து ரொட்டிச் சங்கம் அமைத்தார். பின்பு மாடு வாங்கக் கடன் தரவும், ஆதரவற்ற சிறுவரைப் பேணவும் வேறு சங்கங்கள் கண்டார்.

நல்ல பணிகள்தாம். ஆனால் எல்லாம் செல்வரின் இரக்கத்தையே நம்பி நின்றன. ஆர்வம் குறைந்ததும் ஹெடெஸ்டோர்ஃப் சங்கம் தளர்ந்தது. 1864-இல் அதைக் கடன் சங்கமாக மாற்றியமைத்தார். கடன் பெறுவோரே இப்போது உறுப்பினர். சங்கம் நொடித்தால் அனைவரும் தம் சொத்து முழுவதற்கும் பொறுப்பு!

இங்கேதான் அவரது நுட்பத்தைக் காண்கிறோம். சங்கத்தின் எல்லை ஒரு பங்கு அளவே. அதற்குள் எல்லாரும் எல்லாரையும் அறிவர். ஆளுக்கு ஒரே வாக்கு. நிர்வாகக் குழுவுக்குச் சம்பளமில்லை. கணக்கருக்கு மட்டும் சிறு ஊதியம் உண்டு. ஆனால் யாருக்குக் கடன் என்று முடிவு செய்ய அவருக்கு உரிமையில்லை. இவர்களைக் கண்காணிக்கத் தனியே ஒரு குழு. இலாபம் பங்கிடப்படாமல் பொதுநிதிக்குச் செல்லும். தன் நிலமே பிணையாக இருக்கும்போது, அண்டை வீட்டார் வாங்கிய பணத்தில் மாடு வந்ததா, மது வந்ததா என்று யார்தான் கேளாதிருப்பர்?

அவர் புரோட்டஸ்டாண்ட் சபையினர். ஆயினும் ரைன் நதிப் பகுதியின் கத்தோலிக்கக் குருக்கள் பலர் இம்முறையைத் தம் பங்குகளுக்குக் கொண்டு சென்றனர். 1865-இல் பார்வை மங்கி மேயர் பதவியைத் துறந்த அவர், மகள் அமாலியின் துணையோடு சங்கப் பணியைத் தொடர்ந்தார். 1888 மார்ச் 11 அன்று இறந்தார்.

உழவர் கடனைப் பற்றி ஆராயச் சென்னை மாகாண அரசு பிரெடெரிக் நிக்கல்சனை அமர்த்தியது. 1895-லும் 1897-லும் அவர் அளித்த விரிவான அறிக்கையின் சாரம், முதலில் ஒரு ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள் என்பதே. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904-இல்தான் வந்தது. அவ்வாண்டே திருவள்ளூரை அடுத்த திரூரில் உழவர்களின் கடன் சங்கம் ஒன்று பிறந்தது.