பண்டிதர்கள் ஒதுக்கினர், மக்கள் கும்பிட்டனர்!

பூஜை அறையில் ஒரு படம். தாமரை மேல் நிற்கிறாள் லட்சுமி. பக்கத்திலே யானை. இன்னொரு படத்தில் வீணையும் கையுமாகச் சரஸ்வதி. தலைமுறை தலைமுறையாகப் பொட்டு வைத்து, பூச்சூட்டி, குடும்பங்கள் கும்பிட்டு வந்த படங்கள் இவை.

இந்தத் திருவுருவங்களைத் தீட்டியவர் ராஜா ரவிவர்மா. இவை கலையே அல்ல என்று பெரிய நிபுணர்கள் ஒரு காலத்தில் தீர்ப்புக் கூறினார்கள். அந்தத் தீர்ப்பு என்ன ஆயிற்று?

பார்த்தே கற்றார்

1848-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி, திருவாங்கூர் சமஸ்தானத்தில் உள்ள கிளிமானூர் அரண்மனையில் ரவிவர்மா பிறந்தார். சிறு பிள்ளையாக இருந்தபோது கரித்துண்டால் சுவரெல்லாம் படம் போடுவார். அதைக் கண்ட மாமா ராஜராஜ வர்மா கோபிக்கவில்லை. அவரும் ஓவியர். மருமகனுக்கு 14 வயதானபோது திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் போய், மகாராஜா ஆயில்யம் திருநாளின் ஆதரவில் சேர்த்துவிட்டார்.

எண்ணெய் வர்ணத்தில் தீட்டும் வித்தை அப்போது இங்கே புதிது. தெரிந்தவர்கள் அதை ரகசியமாக வைத்திருந்தார்கள். அரண்மனை ஓவியரான மதுரை ராமசாமி நாயுடு சொல்லித் தர மறுத்தார் என்பது வரலாறு. 1868-ல் வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர், தாம் தீட்டுவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். ரவிவர்மாவுக்கு அது போதுமாயிருந்தது.

1873-ல் சென்னையில் ஓவியக் கண்காட்சி நடந்தது. கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணை அவர் தீட்டியிருந்தார். அந்தப் படத்துக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. வியன்னாவிலும், 1893-ல் சிகாகோவிலும் பரிசுகள் வந்தன. மன்னர்கள் போட்டி போட்டுக்கொண்டு அவரை அழைத்தார்கள்.

குடிசைக்கு வந்த ஓவியம்

ஆனால், அந்த ஓவியங்களை ஏழைகள் எப்படிப் பார்ப்பது? அவை அரண்மனைச் சுவர்களில் அல்லவா இருந்தன! அச்சிட்டுப் பரப்பினால் எல்லோரும் பார்க்கலாமே என்று யோசனை சொன்னவர், திவானாக இருந்த சர். டி. மாதவராவ்.

1894-ல் பம்பாயில் ரவிவர்மா அச்சகம் தொடங்கினார். ஜெர்மானியத் தொழிலாளர்கள் வந்தார்கள். ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனித்தனிக் கல்லில் படம் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டார்கள். படங்கள் ஊர் ஊராகப் பரவின. கோயிலுக்குள் நுழைய விடப்படாத மக்களின் வீட்டுக்கும் தெய்வம் வந்து சேர்ந்தது.

படம் பரவியது, பணம் சேரவில்லை. கடன் பெருகவே, அச்சகத்தை ஜெர்மானியர் ஒருவருக்கு விற்றுவிட்டார். 1906-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, 58-வது வயதில் கிளிமானூரிலேயே காலமானார்.

நிபுணர்களின் தீர்ப்பு

கண்டனம் அதன் பிறகு வலுத்தது. கொழும்பில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியும், சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராக இருந்த ஹாவெலும் அவரைக் கடுமையாகக் குறை கூறினார்கள். மேல்நாட்டு முறையில் தீட்டுகிறார். தெய்வங்கள் நாடக மேடை மனிதர்கள்போல் இருக்கின்றன. இந்தியக் கலையின் உயிர் இதில் இல்லை என்பது அவர்களுடைய வாதம். வங்காளத்து அவனீந்திரநாத் தாகூரின் ஓவியங்களே உண்மையான இந்தியக் கலை என்றார் ஹாவெல்.

அவர்கள் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. முறை மேல்நாட்டு முறைதான். ஆனால், படத்தின் முன்னால் விளக்கேற்றிய தாய், எந்த நாட்டு முறை என்று கேட்கவில்லை. லட்சுமியின் முகத்தைப் பார்த்தாள், கை கூப்பினாள்.

1970-களில் மத்திய அரசு, நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாத தேசியக் கலைச் செல்வங்களை அறிவித்தது. ரவிவர்மாவின் ஓவியங்கள் 1979-ல் அதில் சேர்ந்தன. அதே பட்டியலில் அவனீந்திரநாத் தாகூரின் ஓவியங்களும் இருக்கின்றன!

ஒரு படம் எப்படித் தீட்டப்பட்டது என்று நிபுணர் சொல்லலாம். அதைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஆனால், அது மனத்தைத் தொட்டதா என்று சொல்ல வேண்டியவர் பார்ப்பவரே. நிபுணர்களின் தீர்ப்பு மாறியது. அந்தத் தாய் தன் வீட்டுச் சுவரிலிருந்து படத்தைக் கழற்றவே இல்லை.