தராசில் ஏறிய பந்தயக் கார்!

கோவை கரிவரதன் பஞ்சாலைக் குடும்பத்துப் பிள்ளை. பணத்துக்குக் குறைவில்லை, பித்து முழுவதும் கார் மேல்! சோழவரம் பந்தயங்களில் கார் ஓட்டினார்.

வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்க மற்ற இளைஞர்களுக்கு வசதி ஏது? 1980-களின் இறுதியில் மாருதி 800 எஞ்சினைப் பின்புறம் பொருத்தி, ஒற்றை ஆசனக் கார் செய்தார். அதுதான் 'பார்முலா மாருதி'.

எல்லோருக்கும் ஒரே எஞ்சின் என்றால் வெற்றி எதில் இருக்கிறது? ஓட்டும் கையிலும், காரின் சமநிலையிலும்தான்.

பந்தயக் காரின் சக்கரம் ஒவ்வொன்றும் தாங்கும் பாரத்தைத் தராசில் பார்ப்பார்கள். ஒரு மூலையில் சுருள்வில்லின் திருகை ஏற்றினால் அங்கே பாரம் கூடும். குறுக்கே எதிர்மூலையிலும் கூடும்! கணக்குத் தவறினால், வலப்புறம் ஒழுங்காகத் திரும்பும் கார் இடப்புறம் முரண்டு பிடிக்கும்.

1995-இல் விமான விபத்தில் கரிவரதன் காலமானார். பார்முலா மாருதியில் பந்தயம் தொடங்கிய கோவை நரேன் கார்த்திகேயன், 2005-இல் 'பார்முலா ஒன்' பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார்.